படலைக்கு உள்ளே வந்த மேளம்

மதிப்புக்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

தங்கள் இதழில் வாசகர்கள் எழுதி வரும் அனுபவங்களை நான் பல்லாண்டுகளாக வாசித்து வருகின்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பின்னர் அகராதிகளும் பழைய சஞ்சிகைகளுமே எனக்கு வாத்தியார்கள். ஆகையால் வசனங்களில் பிழை காணின் பொறுத்தருளுக. நடந்த சம்பவத்தில் ஓர் எழுத்தும் நான் கூட்டவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் முற்பகலில், மொன்ட்ரியால் நகரின் வடக்கே கார்ட்டியர்வில் பகுதியில், நாங்கள் வாழும் நான்கு மாடிச் செங்கற் கட்டடத்தில் இது நிகழ்ந்தது. பனி உருகவும் மனமின்றிக் கிடக்கவும் மனமின்றி இருந்த காலம். அந்நாள்களில் இங்கே வெளிச்சம் வானத்திலிருந்து வருவதில்லை. தரையிலிருந்தே எழும்பி, வீட்டுக் கூரையில் வந்து தங்கும்.

கட்டடத்தில் யார் எங்கே இருந்தனர் என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன். இரண்டாம் மாடியில் நானும் என் இளைய மகனும். என் மனைவி காலமாகி அப்போது நான்கு ஆண்டுகள். எனக்கு நேர் கீழே, முதலாம் மாடி எனப்படும் நிலத்தோடு ஒட்டிய வீட்டில், எண்பது வயதை அண்டிய ஜமெய்க்கா நாட்டு முதியவர் ஒருவர் தனியே வாழ்ந்தார். எனக்கு மேலே, மூன்றாம் மாடியில், யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று: கணவன், மனைவி, ஒரே மகள். கணவருக்கு என்னிலும் பன்னிரண்டு வயது குறைவு. உணவகங்களின் குசினிகளில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்தவர். மிகக் குறைவாகப் பேசுபவர்.

அவருடைய மகளும் என் மகனும் ஒருவரையொருவர் விரும்பினர். இருவருக்கும் முப்பதைத் தாண்டிவிட்டது, நல்ல உத்தியோகம். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளாக விசாரித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் அவரைக் காணும்போதெல்லாம் என் விசாரணை இவ்வாறு நடக்கும்:

"தம்பி, ஊரிலை எவடம் எண்டு சொன்னனீங்கள்?"

"யாழ்ப்பாணந்தான் அண்ணை."

"யாழ்ப்பாணம் பெரிசெல்லோ. எந்தக் கோயிலடி?"

"சின்னனிலையே வெளிக்கிட்டாச்சு அண்ணை. கோயில் குளம் ஒண்டும் ஞாபகத்திலை இல்லை."

அவ்வளவுதான். சாமான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே போய்விடுவார். எங்களவர்க்கு இக்கேள்வியின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை. ஏனையோர்க்காக எழுதுகின்றேன். ஊர் தெரிந்தால், ஊருக்குள் எந்தப் பகுதி என்னும் குறிச்சி தெரியும். குறிச்சி தெரிந்தால் சாதி தெரியும். நேரே கேட்பது பண்பன்று என்பதால் கோயிலைக் கேட்கின்றோம்.

என் மகன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து உடைத்தே சொன்னான். "அப்பா, நீங்கள் ஊரைக் கேக்கேல்லை. என்ன கேக்கிறியள் எண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் எங்கடை பாட்டிலை போய்க் கலியாண எழுத்தை முடிச்சிடுவம். அவதான் மாட்டன் எண்டுறா. தன்ரை அப்பா தலை குனிஞ்சு நிக்கிற வீட்டுக்குத் தான் வரமாட்டாவாம்."

"பெரியாக்கள் கதைக்கிற கதையிலை நீ தலைப்போடாதை," என்றேன். அவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனான். அன்று முதல் எங்கள் வீட்டில் பேச்சு அருகியது. அந்த இளம்பிள்ளைகள் இருவரின் வாழ்வும் என் ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நான் அறிந்தே இருந்தேன். அறிந்தும் கேட்டேன்.

இனிக் கீழ் வீட்டாரைப் பற்றி. சனி, ஞாயிறுகளில் அவர் வீட்டிலிருந்து பாட்டு எழும்பும். அதற்கு ரெகே என்று பெயர் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எல்லாப் பாட்டும் எனக்கு ஒரே பாட்டாகவே கேட்டது. காலை ஊன்றும் இடத்தில் நிலம் இல்லாதது போலவும், ஆனாலும் விழாமல் நடப்பது போலவும் ஒரு தாளம். தபாற் பெட்டியருகில் காணும்போது அவர் தொப்பியைத் தொடுவார், நான் தலையசைப்பேன். அந்த ஞாயிறுக்கு ஐந்து கிழமைக்கு முன்பு ஒரு காலையில் அம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டு போனது. பின்பு ஒரு தகவலும் இல்லை. தரை மௌனமாயிற்று.

அந்த ஞாயிறு நான் யன்னலோரக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தேன். முழுத் தூக்கமும் இல்லை. அப்போது மேளம் கேட்டது. காதால் கேட்டேன் என்று சொல்வது சரியாகாது. கதிரையின் கால்கள் வழியே ஏறி, முழங்காலில் தங்கி, நெஞ்சுக்கு வந்தது. இரண்டு அடி, ஓர் இடைவெளி. இரண்டு அடி, ஓர் இடைவெளி. மிக மெதுவாக. எனக்குக் கண் திறக்கவில்லை. நான் எந்த நாட்டில் இருக்கின்றேன் என்பதும் தெரியவில்லை. யாரோ இறந்துவிட்டார், நான் குளிக்காமல் காத்திருக்க வேண்டும், வெள்ளை வேட்டி எங்கே என்பன போன்ற எண்ணங்கள் நீருக்கடியில் மீன் போவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

எழுந்து வெளி விறாந்தைக்கு வந்து பார்த்தேன். வயோதிபர் ஐந்தாறு பேர், பனியில் காலை மெல்ல வைத்து, கீழ் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போயினர். இரு பெண்கள் வெண்ணிற உடை அணிந்திருந்தனர். ஐந்து கிழமை ஆசுபத்திரி, பிறகு மேளம், பிறகு வெள்ளை உடை. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் நல்ல காரியத்துக்கு அழைப்பு வேண்டும், சாவீட்டுக்கு வேண்டாம். காதில் விழுந்தால் போக வேண்டும். அது மட்டுமன்று, சாவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; அயலவரே சோறு கொண்டு போக வேண்டும். ஆகவே நான்காம் மாடியில் இருக்கும் திருகோணமலை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கட்டடத்தில் யாருக்கு என்ன நேர்ந்தாலும் முதலில் பானையை எடுப்பவர் அவர்.

"ஐயோ, அந்த மனுசனோ? போன கிழமைகூட நினைச்சனான், பாட்டுச் சத்தத்தைக் காணேல்லையே எண்டு. அதுகளுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்? நான் சோத்தைப் போடுறன். மேல் வீட்டுத் தம்பியைப் பருப்பு வைக்கச் சொல்லுங்கோ, அவரின்ரை கைதான் நல்லம்."

ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் படிக்கட்டில் கூடினோம். அம்மாவின் கையில் சோற்றுப் பானை. மூன்றாம் மாடிக்காரரின் கையில் பருப்புச் சட்டி. என் மகன் கத்தரிக்காய்க் கறியோடு. நான் வெள்ளைச் சட்டை அணிந்து, அகராதி பார்த்துத் தயாரித்த ஆங்கில அனுதாப வசனம் ஒன்றை வாய்க்குள் உருட்டிக்கொண்டு முன்னே நின்றேன்.

மூன்றாம் மாடிக்காரர் ஒரு படியில் நின்றுவிட்டார். தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. இது செத்த வீட்டு அடி இல்லை."

"மேளம் கேக்குதெல்லோ?"

"கேக்குது. ஆனா இது ஆளை அனுப்புற அடி இல்லை, அண்ணை. ஆரோ வந்திருக்கினம். வந்த ஆளுக்கு அடிக்கினம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் தம்பி?"

அவருடைய விரல்கள் சட்டியின் மூடியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. என் மகன் என்னைப் பார்த்தான். நான் மூடியைப் பார்த்தேன்.

"அடியைப் பற்றிப் பேந்து ஆராயலாம், சோறு ஆறுது. நடவுங்கோ!" என்று அம்மா பின்னாலிருந்து எங்களைத் தள்ளினார்.

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. ஆயினும் அந்நியர் வீடு என்பதால் தட்டினேன். காலடிச் சத்தம் கேட்டதும், துக்க வீட்டுக்குரிய முறையில் தலையைக் குனிந்துகொண்டு, என் ஆங்கில வசனத்தை ஒப்புவித்தேன். தங்கள் இல்லத்தில் நேர்ந்த பேரிழப்பினை அறிந்து ஆறாத் துயருற்றோம் என்பது அதன் கருத்து. சொல்லி முடித்து நிமிர்ந்தேன்.

கம்பளிப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, இறந்தவர் நின்றார்.

பின்னால் சோற்றுப் பானை "ஐயோ முருகா!" என்றது.

"யாரை இழந்தோம்?" என்று முதியவர் கலவரத்துடன் கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஐயா, தங்களைத்தான்," என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் ஓசையின்றி, பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே மேளம் நின்றது. நண்பர்கள் ஓடி வந்து அவரைத் தாங்கிக்கொண்டு, விடயம் அறிந்து தாங்களும் சிரித்தனர். அவர்களுள் ஒருவர் பானையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னதைத் தமிழில் தருகின்றேன்: "தன் சாவுச் சோற்றைத் தானே உட்கார்ந்து சாப்பிடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வா, ஆறுமுன் சாப்பிடு."

இப்படியாக நாங்கள் உள்ளே அழைக்கப்பட்டோம்.

அந்த அறையை நான் மறவேன். யன்னலுக்கு வெளியே இடுப்பளவு பனி. அதன் வெண்மை உள்ளே வந்து எல்லோர் முகத்திலும் ஒரே விதமாகப் படிந்திருந்தது. நடுவே மூன்று மேளங்கள். ஒன்று பீப்பாய் அளவு பெரியது. பஞ்சு சுற்றிய தடியால் அடிப்பது. நடுத்தரமானது ஒன்று, சிறியது ஒன்று. இரண்டும் கையால் வாசிப்பவை. பெரியது நெஞ்சின் ஓசை என்றார் முதியவர். நடுவிலது மூச்சு, மாறாமல் வந்து போய்க்கொண்டிருக்கும். சிறியதுதான் பேசும்.

காலை ஆசுபத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பியிருந்தார். நண்பர்கள் வரவேற்க வந்திருந்தனர். மேளம் ஏன் என்று கேட்டேன். கதை நீளமானது என்றார். சோறு அதைவிட நிறைய இருந்தது. கேட்டோம்.

அவருடைய பேச்சு அலை வந்து மணலில் பின்வாங்குவது போன்றது. அவர் சொன்ன ஒழுங்கில் என்னால் சொல்ல இயலாது. ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்ட அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்தனர். துரைமார் மேளத்துக்குப் பயந்தனர். மேளத்தால் ஒரு தோட்டம் மற்றத் தோட்டத்தோடு பேசிவிடும் என்ற பயம். ஆயினும் ஒரு கூட்டத்தாரின் மேளத்தை விட்டுவைத்தார்களாம். அந்தத் தாளத்துக்குக் கரும்பு வேகமாக விழுந்தபடியால். புர்ரு என்பது அவர்கள் மேளத்தின் பெயர். அடிமைத்தனம் ஒழிந்த பின்பு அம்மேளக்காரர்க்கு வேலை இல்லை. தலைநகரான கிங்ஸ்டனின் சேரிகளில் போய் ஒதுங்கினர். மதிப்பார் இல்லை. அங்கே அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சிறையிலிருந்து எவராவது விடுதலையாகி தம் குறுந்தெருவான ஒழுங்கைக்குத் திரும்பினால், அன்று அவருக்காக மேளம் அடிப்பார்கள். ஊர் முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருவனுக்கு, நீ வந்துவிட்டாய், நாங்கள் இருக்கின்றோம் என்று சொல்வதற்காக.

"ஐந்து கிழமை நான் சிறையில்தானே இருந்தேன்," என்றார் முதியவர், கையிலிருந்த ஆசுபத்திரிப் பட்டியைக் காட்டி.

அதே சேரிகளில் ராஸ்தஃபாரி என்னும் புதிய நம்பிக்கையுடைய ஏழைகளும் இருந்தனர். அவர்களிடம் பிரார்த்தனை இருந்தது, மேளம் இல்லை. மேளக்காரரிடம் மேளம் இருந்தது, பிரார்த்தனை இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டனர். இன்னொரு பக்கத்தில் நாட்டுப்புறத்துக் கித்தார்ப் பாட்டு இருந்தது. அமெரிக்க வானொலியில் அலையலையாக வந்த ஊதுகருவி இசை இருந்தது. தெருவோர முற்றங்களில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி ஆடும் கூட்டம் இருந்தது. முதியவர் இளைஞனாக அப்பெட்டிகளைச் சுமந்தவர். எல்லாம் ஒரே பானையில் விழுந்து கொதித்தன. முதலில் வந்த பாட்டு மிக வேகமானது. பின்னர் மெதுவாயிற்று. வெக்கை தாங்காமல் ஆடுவோர் களைத்ததால் மெதுவாயிற்று என்று சிலர் சொல்வார்களாம். அவர் அதை நம்பவில்லை. இன்னும் மெதுவாகி, அடியில் கிடந்த பழைய மேளம் மேலே தெரியத் தொடங்கியபோது அதற்கு ரெகே என்று பெயர் வந்தது என்றார். முதலாவது அடியை அடிக்காமல் விட்டுவிடுவார்கள். அந்த வெறுமைக்குள்தான் கேட்பவன் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிக் கையைக் காற்றில் வைத்துக் காட்டினார்.

அவர் பேசப் பேச, ஒருவர் நடு மேளத்தை மெல்லத் தட்டிக்கொண்டேயிருந்தார். கரும்புத் தோட்டமும் கிங்ஸ்டன் ஒழுங்கையும் கார்ட்டியர்வில் பனியும் எனக்கு ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்தன. பாதி விழித்தும் பாதி மிதந்தும் இருந்தேன்.

அப்போது முதியவர் என்னிடம் கேட்டார். "உங்கள் நாட்டில் இந்த ஓசை கேட்டால் சாவு என்றீர்களே, அங்கே மேளத்தை யார் அடிப்பார்கள்?"

"அதற்கென்று தனியான ஒரு கூட்டத்தார் இருக்கின்றனர்," என்றேன்.

"சாவீட்டில் அவர்களும் உங்களுடன் இருந்து சாப்பிடுவார்களா?"

என் அகராதியில் அதற்குச் சொல் இருக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பதில் என் பக்கத்திலிருந்து, குசினி ஆங்கிலத்தில், நிதானமாக வந்தது.

"இல்லை. நாங்கள் படலைக்கு வெளியே நிற்போம்."

படலை என்றால் எங்கள் வளவுகளின் வாசற்கதவு. அதற்குரிய ஆங்கிலச் சொல் தெரியாமல் மூன்றாம் மாடிக்காரர் அதைத் தமிழிலேயே சொன்னார். 'நாங்கள்' என்பதை மட்டும் மிகத் தெளிவாக ஆங்கிலத்தில் சொன்னார்.

முதியவர் மூன்றாம் மாடிக்காரரை நெடுநேரம் பார்த்தார். பின்னர் ஒன்றும் கேளாமல், காலால் சிறிய மேளத்தை அவர் பக்கம் தள்ளினார். "நீங்கள் வந்த நேரம் முதல் உங்கள் விரல் சட்டியின் மேல் சும்மா இருக்கவில்லை," என்றார்.

மூன்றாம் மாடிக்காரர் கை கழுவிவிட்டு வந்தார். மேளத்தை வாசிப்பதற்கு முன்னர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நடு மேளம் போய்க்கொண்டிருந்தது, பெரியது சேர்ந்தது. அவர் உடனே வாசிக்கவில்லை. இரண்டு சுற்று, மூன்று சுற்று விட்டார். பிறகு விரல்கள் இறங்கின.

ஐயா, நான் இசை அறிந்தவன் அல்லேன். முப்பது ஆண்டு பாத்திரம் கழுவி வெடித்துப் போன அந்தக் கைகளிலிருந்து வந்ததை வருணிக்க முயலேன். ஜமெய்க்காக்காரர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். திருகோணமலை அம்மா, "அட, கை கதைக்குதே!" என்று வாயில் கை வைத்தார். என் மகனின் கண்கள் நிறைந்திருந்தன. அவனுக்குத் தெரிந்திருந்தது, அவருடைய மகள் சொல்லியிருப்பாள். இரண்டு ஆண்டுகளாக என்னிடம் சொல்லாமல் காத்திருந்தான். எனக்குத்தான் அது செய்தி.

அவர் முடித்துவிட்டு, என்னிடம் தமிழில் சொன்னார். "அண்ணை, ரெண்டு வருசமாக் கேட்டதுக்கு மறுமொழி சொல்லிப்போட்டன். இனி உங்கடை பாடு."

சட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனார். மகனும் அவர் பின்னே போனான்.

நான் எழும்பவில்லை. முதியவர் நடு மேளத்தை என் முழங்கால்களுக்கிடையே வைத்தார். "இதற்குத் திறமை தேவையில்லை. மாறாமல் இருந்தால் போதும்," என்றார். இரண்டு அடி, ஓர் இடைவெளி. நான் அடித்தேன். வெளியே கூரையிலிருந்து பனி ஒரு பொதியாகச் சரிந்து ஓசையின்றி விழுந்தது. கை தன்பாட்டில் போய்க்கொண்டிருக்க, என் கண்ணுக்கு முன்னால் வேறொரு வெளிச்சம் வந்தது. வெள்ளை மணல். எனக்குப் பன்னிரண்டு வயது. உள்ளே என் தகப்பனார் கிடத்தப்பட்டிருக்கின்றார். படலைக்கு வெளியே, வெயிலில், நால்வர் காலை முதல் பறை அடித்துக்கொண்டு நிற்கின்றனர். ஒருவர் வைக்கோல் நெருப்பில் தோலைக் காய்ச்சுகின்றார். என் கையில் தண்ணீர்ச் செம்பு. "செம்பைக் கையிலை குடாதை. உயத்தி ஊத்து," என்று சிறிய தகப்பனார் சொல்லி அனுப்பியிருக்கின்றார். நான் உயர்த்தி ஊற்றுகின்றேன். அவர்களுள் ஒருவருடைய குவித்த கைகளில் விழுந்தது பாதி, மணலில் விழுந்தது பாதி. என் தகப்பன் வயதுடைய அம்மனிதர், "காணும், சின்ன நயினார், போதும்," என்கிறார். அறுபது ஆண்டுகளாக நான் அதை நினைத்ததே இல்லை. மறந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. நினைப்பதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

எவ்வளவு நேரம் அடித்தேனோ தெரியாது. நிறுத்தியபோது பனியின் மேல் நிழல் நீலமாகியிருந்தது.

நேரே மூன்றாம் மாடிக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார். படித்த வசனங்கள் எல்லாம் என்னைக் கைவிட்டன.

"தம்பி, நான் பொம்பிளை கேட்டு வந்திருக்கிறன்," என்றேன்.

அவர் என்னை உள்ளே இருத்தினார். தானும் எதிரே இருந்தார். சினம் இல்லை, அவசரமும் இல்லை.

"அண்ணை, இண்டைக்கு உங்கடை மனசு மேளத்திலை இளகிப் போச்சு. எனக்குத் தெரியும், மேளம் அப்பிடித்தான் செய்யும். மேளம் நிண்டாப் பிறகும் அது அப்பிடியே கிடக்குதோ எண்டு பாருங்கோ. ஒரு மாசம் போகட்டும். அதுக்குள்ளை உங்கடை ஆக்களுக்கு நீங்களே சொல்லுங்கோ, நான் ஆர் எண்டு. ஒளிச்சுக் குடுக்க என்னட்டை ஒண்டுமில்லை. ஒளிச்சு எடுக்கிற வீட்டுக்கு என்ரை பிள்ளையும் வராது."

எனக்கு அன்று கோபமும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். கேட்டு வந்தவனைக் காத்திருக்கச் சொல்கின்றாரே என்று. படி இறங்கும்போதே அது வெட்கமாக மாறிற்று. இரண்டு ஆண்டு காத்திருந்தவர் என்னிடம் ஒரு மாதம்தான் கேட்டார்.

அம்மாதத்தில் நான் செய்தவற்றுள் கடினமானது, ரொறன்ரோவில் இருக்கும் என் தமக்கையாருக்குத் தொலைபேசி எடுத்தது. என்னைத் தாய்போல் வளர்த்தவர். முழுவதையும் சொன்னேன்.

"உனக்கு மூளை பிரண்டு போச்சோ? ஐயா, அம்மா இருந்திருந்தால்..."

"இருந்திருந்தால் அவைக்கும் சொல்லியிருப்பன் அக்கா."

பிறகு தொடர்பு அறுந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் என்னுடன் பேசவில்லை. பாரிஸில் இருக்கும் தம்பி, "உங்கடை வயசுக்கு இது தேவையோ?" என்று மட்டும் கேட்டான், ஆனால் வருவேன் என்றான்.

இடையில் பல நாள் மாலையில் கீழ் வீட்டுக்குப் போய் இருந்தேன். முதியவர் தம் இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவார். எல்லாம் ஒரே பாட்டு என்று நான் எண்ணியவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறானவை என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மேளம் போய்க்கொண்டிருந்தது. உலகம் முழுதும் அதற்கு ஆடுகின்றது. ஆடுவோரில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ, நான் அறியேன்.

மாதம் முடிந்த நாள் பனி முற்றாகப் போயிருந்தது. மறுபடியும் மேலே போனேன். தமக்கையார் பேசுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தம் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையசைத்தார்.

"சரி அண்ணை. பிள்ளையள் சந்தோசமா இருக்கட்டும்," என்றார். பிறகு சற்றுப் பொறுத்து, "இப்ப நானே சொல்லுறன், கேளுங்கோ," என்று தம் ஊரின் பெயரைச் சொன்னார்.

அது என் ஊர்.

"உங்கடை கோயில் மேற்கு வீதியாலை இறங்கி, பனங்கூடலைத் தாண்டினால் எங்கடை வீடுகள். நீங்கள் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டியள். நாங்கள் உங்கடை பக்கம் வந்திருக்கிறம். உங்கடை ஐயாவின்ரை பேர், வீட்டு முன் மாமரம், எல்லாம் எனக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் நாளே உங்களை ஆர் எண்டு பிடிச்சிட்டன்."

"ஏன் தம்பி ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டது என்னைப் பற்றியெல்லோ," என்றார். சிறிது சிரித்தார். அச்சிரிப்பில் நஞ்சு இல்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாததாயிருந்தது.

அந்தக் கோடையில் திருமணம் நடந்தது. கீழ் வீட்டு முதியவர் பச்சைத் தொப்பியுடன் முன் வரிசையில் இருந்தார். தமக்கையார் வரவில்லை. வரும் இலையுதிர் காலத்தில் எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழந்தை பிறக்க இருக்கின்றது.

என் மனம் முற்றாகத் திருந்திவிட்டது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. எழுபத்து நான்கு ஆண்டு ஊறியது ஒரு ஞாயிறில் வடியாது. ஒன்று மட்டும் தெளிவாக விளங்குகின்றது: வெளியே நின்றவர்க்கு எங்கள் வீடு முழுவதும் தெரிந்திருந்தது, உள்ளே இருந்த எனக்கு, என் ஊரில் பாதி இருந்ததே தெரியாமல் ஒரு வாழ்நாள் போயிற்று.

இதனைத் தாங்கள் அச்சிடுவதும் விடுவதும் தங்கள் விருப்பம். ஆயினும் பிறக்க இருக்கும் அக்குழந்தை வளர்ந்து ஒருநாள் வாசிக்கும் பொருட்டு, இத்தாள்களை எறிந்துவிடாமல் தயவுசெய்து எடுத்து வைத்திருக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றேன்.